பழைய கம்ப்யூட்டரும் புதிய விண்டோஸும்: அவசரமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்

2025-ஆம் ஆண்டு தீபாவளி வியாபாரத்தை நம் உறுப்பினர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். செப்டம்பர் 22-ஆம் தேதி ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. பெரும்பாலான சரக்குகள் 5, 18 என்ற இரண்டு அடுக்குகளுக்குள் வந்தன. ஐட்டம் மாஸ்டரை ஒவ்வொன்றாகத் திருத்தி, இருப்புச் சரக்குக்குப் புது விலை ஒட்டி நிமிர்வதற்குள் அக்டோபர் 14 வந்தது. அன்றோடு விண்டோஸ் 10-க்கு இலவசமாகத் தந்துவந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. தீபாவளிக்கு ஆறே நாள். கடையில் கூட்டம் நிற்கும்போது கம்ப்யூட்டரைப் பற்றி யோசிக்க யாருக்கு நேரம்? 'பொங்கல் கழியட்டும்' என்று தள்ளிவைத்தவர்களே அதிகம். தள்ளிவைத்ததை நாம் குறை சொல்லவில்லை. தள்ளிவைத்த விஷயம் அப்படியே மறந்துபோனதுதான் நமக்குக் கவலை.

இந்தக் கவலையை வைத்து வியாபாரம் செய்பவர்களும் இருக்கிறார்கள். 'இனிமேல் உங்கள் கம்ப்யூட்டர் ஓடாது, ஜி.எஸ்.டி. போர்ட்டல் திறக்காது, உடனே புது செட் வாங்குங்கள்' என்று சொல்லி விலைப்பட்டியலை நீட்டுகிறார்கள். இது உண்மையல்ல. விண்டோஸ் 10 அந்தத் தேதியோடு நின்றுவிடவில்லை. பில் போடும், பிரிண்ட் எடுக்கும், போர்ட்டலும் திறக்கும். எட்ஜ் பிரவுசருக்கு விண்டோஸ் 10-ல் குறைந்தது 2028 அக்டோபர் வரை திருத்தங்கள் தருவதாக மைக்ரோசாப்டே அறிவித்திருக்கிறது. நின்றது கடைக்குக் காவல்காரன் வருவது மட்டுமே. கதவு பூட்டித்தான் இருக்கிறது. ஆனால் பூட்டில் புதிதாக ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆள் வரமாட்டார்.

அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 2017 மே மாதம் ஒரு பாடம். 'வான்னாக்ரை' என்ற வைரஸ் 150 நாடுகளுக்கு மேல் பரவி, கம்ப்யூட்டரில் உள்ள கோப்புகளையெல்லாம் பூட்டுப் போட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. கேரளத்தில் கிராம பஞ்சாயத்து அலுவலகங்கள், ஆந்திராவில் போலீஸ் அலுவலகக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் மாட்டின. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் அந்த ஆண்டு மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. போட்டுக்கொண்டவர்கள் தப்பினார்கள். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த வைரஸ் ஒரு கம்ப்யூட்டரில் நுழைந்ததும் கேபிள் வழியாகப் பக்கத்துக் கம்ப்யூட்டருக்குத் தானே போயிற்று. 'என் பில் கவுன்ட்டரில் இன்டர்நெட்டே கிடையாதே' என்கிற உறுப்பினர், உள்ளறையில் நெட் உள்ள கம்ப்யூட்டரோடு அதை இணைத்து வைத்திருந்தால் அந்தத் தைரியம் செல்லாது.

விண்டோஸ் மாறுவது நமக்குப் புதிதல்ல. 2014 ஏப்ரலில் எக்ஸ்பி-க்கு முடிவு கட்டினார்கள். 2020 ஜனவரியில் விண்டோஸ் 7-க்கு. அப்போதெல்லாம் இருக்கிற பெட்டியிலேயே புதியதை ஏற்றினோம்; கொஞ்சம் மெதுவாக ஓடும், மெமரி கூட்டினால் சரியாகிவிடும். இந்த முறை அப்படியில்லை. விண்டோஸ் 11 சில பெட்டிகளை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரைப் பார்த்து 'நீ தகுதியில்லை' என்கிறது. உறுப்பினர்களுக்குக் கோபம் வருவதும் இதனால்தான். அந்தக் கோபம் நியாயமானது என்றே நாம் கருதுகிறோம். ஏழெட்டு வருஷம் உழைக்கிற பொருளை, வாங்கியவனின் சம்மதமில்லாமல் ஒரு கம்பெனி பழசாக்கிவிடுகிறது.

கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். தகுதி உண்டா இல்லையா என்பதை மெக்கானிக் வந்து சொல்லும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. முதலில் பிராசஸர். டெஸ்க்டாப்பில் 'திஸ் பிசி' மேல் வலது பட்டனை அழுத்தி 'பிராப்பர்ட்டீஸ்' போனால் பெயர் தெரியும். இன்டெல் ஐ3, ஐ5 என்றிருந்தால் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 7100, 7400 என்று 7-ல் தொடங்கினால், ஓரிரு விதிவிலக்கு தவிர, தகுதியில்லை. 8100, 8400 என்று 8-ல் தொடங்கினால் உண்டு. 10400 போல ஐந்து இலக்கமாக இருந்தால் அது பத்தாவது தலைமுறை, கவலையே வேண்டாம். எட்டாவது தலைமுறை 2017 கடைசியில்தான் கடைகளுக்கு வந்தது. ஆகவே, 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது அவசரமாகக் கம்ப்யூட்டர் வாங்கிய உறுப்பினர்களின் பெட்டிகள் பெரும்பாலும் இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கும். சில மாதம் பொறுத்து வாங்கியவர் தப்பித்தார்!

அடுத்தது டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். புதிய பெட்டிகளில் இந்த வசதி உள்ளேயே இருக்கும். ஆனால் பயாஸ் செட்டிங்கில் அணைத்து வைத்திருப்பார்கள். சோதனை செய்தால் 'டிபிஎம் இல்லை' என்று வரும். 'மதர்போர்டு மாற்ற வேண்டும்' என்று யாராவது சொன்னால் உடனே பணத்தை எடுக்காதீர்கள். இன்டெல் என்றால் 'பிடிடி', ஏஎம்டி என்றால் 'எஃப்டிபிஎம்' என்ற பெயரில் பயாஸில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதை 'எனேபிள்' செய்வது ஐந்து நிமிஷ வேலை. 'செக்யூர் பூட்' விஷயமும் இப்படித்தான், ஆனால் ஹார்ட் டிஸ்க் பழைய முறையில் பிரிக்கப்பட்டிருந்தால் அதை முதலில் மாற்ற வேண்டும். பேக்கப் எடுக்காமல் அதில் கைவைக்க விடாதீர்கள். மைக்ரோசாப்டின் 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவச மென்பொருள் இவை எல்லாவற்றையும் ஒரே தடவையில் பார்த்து, எது குறை என்று சொல்லிவிடும்.

மெமரி 4 ஜிபி, டிஸ்க்கில் 64 ஜிபி இடம் போதும் என்று கம்பெனி சொல்கிறது. அது நிற்பதற்குப் போதும், நடப்பதற்குப் போதாது. 8 ஜிபி-யும், சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி-யும் இல்லாமல் ஏற்றினால் பில்லுக்கு நிற்கும் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். 2025 கடைசியில் மெமரி விலை கடுமையாக ஏறியதால் இந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இதெல்லாம் பெட்டியைப் பற்றியது. நம் கடைகளில் உண்மையான சிக்கல் பெட்டியில் இல்லை, அதைச் சுற்றி இருக்கிறவற்றில் இருக்கிறது. மொத்த வியாபாரிகள் சிலர் இருபது, இருபத்தைந்து வருஷத்துக்கு முன் எழுதி வாங்கிய டாஸ், ஃபாக்ஸ்புரோ பில்லிங் புரோகிராமை இன்னும் ஓட்டுகிறார்கள். எழுதியவர் இப்போது எங்கே என்றே தெரியாது. ஆனாலும் கணக்குப்பிள்ளைக்கு அது கைவந்த பழக்கம். கண்ணை மூடிக்கொண்டு பில் போடுவார். அப்படிப்பட்ட 16-பிட் புரோகிராம்கள் 32-பிட் விண்டோஸில்தான் ஓடும். விண்டோஸ் 11-ல் 32-பிட் வகையே கிடையாது. ஏற்றிய மறுநாள் காலை கடை திறந்தால் பில்லிங் திறக்காது. பிறகு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். அகலமான பழைய பேரலல் போர்ட் கேபிளில் ஓடும் பிரிண்டருக்குப் புதுப் பெட்டியில் இடமே இருக்காது. எடைமெஷின், பார்கோடு ஸ்கேனர், ஆடிட்டர் கொடுத்த டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், இவை ஒவ்வொன்றுக்கும் விண்டோஸ் 11-க்கான டிரைவர் இருக்கிறதா என்று கேட்டு வைத்துக்கொண்ட பிறகே மாற்ற வேண்டும். டேலி வைத்திருப்பவர்கள் தங்கள் வெர்ஷன் எண்ணைச் சொல்லி டீலரிடம் எழுத்தில் பதில் வாங்குவது நல்லது.

ஆகவே, 'என் கம்ப்யூட்டர் தாங்குமா?' என்பதற்கு முன் 'இந்தக் கம்ப்யூட்டர் என் கடையில் என்ன வேலை செய்கிறது?' என்று கேட்க வேண்டும் என்பதே நம் கருத்து. பாங்க் கணக்கும், ஜி.எஸ்.டி. ரிட்டர்னும், இ-வே பில்லும், மெயிலும் போகிற பெட்டி என்றால் அதைத் திருத்தங்கள் கிடைக்கிற விண்டோஸில்தான் வைக்க வேண்டும். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. ஒரே ஒரு பெட்டிக்குப் பணம் இருந்தால் இதற்கே போடுங்கள். பில் மட்டும் போடுகிற கவுன்ட்டர் பெட்டியை, நெட் கேபிளையும் வைஃபையையும் அடியோடு எடுத்துவிட்டு, பென் டிரைவ் செருகுவதைக் கட்டுப்படுத்தி, அது உழைக்கிற வரை உழைக்க விடலாம். நம் ஊரில் 34-ல் இருந்து 33-க்குச் சரக்கு அனுப்பும் மொத்தக் கடைகளுக்கு இந்தப் பிரிவினை கொஞ்சம் கஷ்டம். கூப்பிடு தூரத்தில் இருக்கிற கடலூருக்கும் விழுப்புரத்துக்கும் போகிற பில்லுக்குக்கூட ஐ.ஜி.எஸ்.டி., இ-வே பில் என்று நெட் தேவைப்படுகிறது. 5 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்ட் முதல் இ-இன்வாய்ஸும் உண்டு. அவர்கள் தயங்காமல் மாற்றிவிடுவதே நல்லது.

இடைவழி ஒன்றும் இருக்கிறது. காசு கட்டினால் விண்டோஸ் 10-க்கே திருத்தங்கள் தொடர்ந்து தருகிறார்கள். தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை. மைக்ரோசாப்ட் கணக்கில் சேர்ந்து செட்டிங்குகளைப் பதிவுசெய்து வைத்தால் இலவசம், இல்லையென்றால் 30 டாலர். நிறுவனங்களுக்கான திட்டத்தில் முதல் ஆண்டு பெட்டிக்கு 61 டாலர், ஒவ்வொரு ஆண்டும் இரட்டிப்பு, அதிகபட்சம் மூன்று ஆண்டு. மூன்றாவது ஆண்டுத் தொகையைக் கூட்டிப் பார்த்தால் புதுப் பெட்டியின் விலையில் பெரும்பகுதி வந்துவிடுகிறது. மூச்சு விட நேரம் வேண்டியவருக்கு முதல் ஆண்டு மட்டும் சரி. தகுதியில்லாத பெட்டியில் சோதனையை ஏமாற்றி விண்டோஸ் 11 ஏற்றித் தருகிறேன் என்பவர்களை நம்பவேண்டாம். அப்படி ஏற்றியதற்குத் திருத்தங்கள் கிடைக்கும் என்று உறுதியில்லை என மைக்ரோசாப்ட் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எதற்காக மாற்றுகிறோமோ அதுவே கிடைக்காது. லினக்ஸ் பற்றியும் சில இளைய உறுப்பினர்கள் கேட்கிறார்கள். பிரவுசரில் மட்டும் வேலை செய்கிற பெட்டிக்கு அது நல்ல வழி. பழைய பெட்டியிலும் சுறுசுறுப்பாக ஓடும், காசும் கிடையாது. டேலி அதில் நேரடியாக ஓடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

எதைச் செய்தாலும் கணக்குதான் முதல். ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும். 2023-24 கணக்கை 2030 டிசம்பர் வரை கேட்டால் காட்ட வேண்டும். பெட்டி மாறிய கடையில் 'டேட்டா இருக்கிறது, ஆனால் திறக்கவில்லை' என்பது அதிகாரியிடம் பதிலாகாது. நம் ஊர் வணிகரான ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பை இன்றும் நாம் படிக்க முடிவது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதைப் படியெடுத்து வைத்ததால்தான். ஒரு படி பாரீசுக்கே போயிற்று. இரண்டு பேக்கப் எடுத்து, ஒன்றைக் கடையிலும் ஒன்றை வீட்டிலும் வையுங்கள் என்று நாம் சொல்வதும் அதே புத்திதான். பேக்கப்பை வேறு பெட்டியில் திறந்து பார்த்த பிறகே பழையதைத் தொடுங்கள்.

வரிக் கணக்கும் பார்த்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டருக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், காம்போசிஷன் திட்டத்தில் இல்லாதவர் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். தேய்மானம் 40 சதவீதம் உண்டு. வரியைச் சேர்த்துத் தேய்மானம் போட்டுவிட்டு உள்ளீட்டு வரியும் எடுக்க முடியாது. ஆடிட்டரைக் கேட்டுச் செய்யவும். கடையின் பெயருக்கும் ஜி.எஸ்.டி. எண்ணுக்கும் பில் வாங்குங்கள், மகன் பெயரில் ஆன்லைனில் வாங்கிவிட்டுப் பிறகு வருந்தாதீர்கள்.

கழித்த பெட்டியை என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிச் சந்தையில் எதுவும் விலைபோகும். ஆனால் ஹார்ட் டிஸ்க்கோடு கொடுத்தால் கொள்முதல் விலை, வாடிக்கையாளர் பாக்கி, பாங்க் விவரம் எல்லாம் அதோடு போகும். டெலீட் செய்தது அழிந்ததாகாது. டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுங்கள்.

நமது நிர்வாகக் குழுவுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு ஞாயிறு காலை சங்க மண்டபத்தில் உறுப்பினர்கள் பிராசஸர் பெயரையும் பிரிண்டர் மாடலையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தால் போதும். விஷயம் தெரிந்த இருவர் உட்கார்ந்து எது தேறும், எது தேறாது என்று சொல்லிவிடலாம். நம் ஊரிலேயே கட்டற்ற மென்பொருள் இயக்கம் நடத்தும் இளைஞர்களையும் அழைக்கலாம். தேறாதவை எத்தனை என்று தெரிந்தால் மொத்தமாக விலை பேசலாம். தனித்தனியாகப் போனால் கிடைக்காத விலை அது. மொத்த வியாபாரிகளுக்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை.

சங்க அலுவலகக் கம்ப்யூட்டரையும் சோதித்தோம். ஆறாவது தலைமுறை ஐ3, தேறவில்லை. நெட் கேபிளைக் கழற்றிவிட்டோம். இனி அது சந்தா ரசீது மட்டும் போடும்.