ஒரு டப்பா டீசலும் நொய்யல் பாசமும்

போன ஞாயித்துக்கிழமை, பனியன் துணி ஏத்துற எங்க பிக்கப்புக்கு வீட்டு வாசல்லயே டீசல் பில்டர் மாத்தினேன். பொட்டி தட்டுறவனுக்கு எதுக்குய்யா இந்த வேலைங்கறீங்களா? பெரிய வித்தை ஒண்ணுமில்லைங்க. அடியில இருக்குற திருகைத் திறந்து தேங்கின தண்ணியையும் டீசலையும் வடிக்கணும். பழசைக் கழட்டிட்டு, புதுசோட ரப்பர் வளையத்துல கொஞ்சம் டீசல் தடவி, கையால இறுக்கணும். கைப்பம்பை அமுக்கி காத்தை வெளியேத்தணும். அவ்வளவுதான்.

வடிச்சது ஒரு டப்பா இருந்துச்சு. "சாக்கடையில ஊத்திருங் தம்பி"ன்னார் பக்கத்து வீட்டு அண்ணன். டீக்கடையில தினமும் சாயப்பட்டறைக்காரங்களைத் திட்டுறவரும் இவரேதான்!

2011 ஜனவரியில சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. ஒரத்துப்பாளையம் அணையில தேங்குன சாயத்தண்ணியைப் பத்தி இன்னிக்கும் பக்கம் பக்கமா பேசுறோம். பட்டறையைக் கேக்க கோர்ட்டு இருக்கு. நம்ம வாசல் சாக்கடையை யார் கேக்கறது? அதுவும் ஓடி ஓடி கடைசியில நொய்யலுக்குத்தானே போகுது?

'ஒரு டப்பாதானே'ங்காதீங்க. ஆத்தைக் கெடுத்த ஒவ்வொருத்தரும் முதல்ல இதைத்தான் சொல்லியிருப்பாங்க.

மூடி போட்ட கேன்ல ஊத்தி, பழைய பில்டரையும் நல்லா வடியவிட்டு, கழிவு ஆயில் சேர்த்து வைக்கிற ஒர்க்‌ஷாப்ல கொடுத்துட்டு வந்தேன். பத்து நிமிச வேலை. கூலியை மிச்சம் பிடிக்கத் தெரிஞ்ச நமக்கு, இந்தப் பத்து நிமிசம்தான் கசக்குதா சாமி?