பிளை கூடினால் ஆயுள் கூடாது

களியக்காவிளை எல்லையைக் கடந்து பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் மீனும் வாழைத்தாரும் ரப்பர் ஷீட்டும் ஏற்றிச் செல்லும் பிக்கப் வண்டிகளுக்கு டயர் மாற்றும் வேளையில், பிளை கூடிய டயரே நெடுநாள் உழைக்கும் என்றும், நிறுவனம் குறித்ததற்கு மேலான பாரத்தையும் அதுவே தாங்கும் என்றும் ஒரு நம்பிக்கை கேள்வியின்றி ஆள்கிறது. தமிழகமெங்கும் சிறு சரக்கு வண்டி வைத்திருப்போரிடம் பரவியுள்ள இந்நம்பிக்கையின் இரு பாதிகளும் தவறானவை. இரண்டாம் பாதி உயிருக்கே கேடானது.

டயரின் உடற்கூட்டை உருவாக்கும், ரப்பர் பூசிய நூலிழை அடுக்குக்குப் பிளை என்று பெயர். பருத்தி நூலால் டயர் கட்டிய காலத்தில் எட்டுப் பிளை என்றால் உள்ளே எட்டு அடுக்குகள் இருந்தன. நைலானும் எஃகும் வந்தபின் அடுக்குகள் குறைந்துவிட்டன, எண் மட்டும் வலிமைக் குறியீடாக எஞ்சியது. ஆகவே டாடா ஏஸ் வண்டியின் டயரில் 8 பிஆர் (பிளை ரேட்டிங்) என்று பொறித்திருப்பது அடுக்குகளின் கணக்கைச் சொல்வதில்லை. அதனுள் எந்த அளவு வரை காற்றை அடைக்கலாம் என்பதற்கே அது வழிகாட்டி. பாரத்தைச் சுமப்பது பெரும்பாலும் உள்ளே அடைபட்ட காற்றுதான் என்பதால், ஒரே அளவும் ஒரே அமைப்பும் கொண்ட ஆறு பிளை டயரும் எட்டுப் பிளை டயரும் ஒரே காற்றழுத்தத்தில் ஏறத்தாழ ஒரே பாரத்தையே தாங்கும். பிளை கூடிய டயரை வாங்கிப் பழைய அழுத்தத்திலேயே ஓட்டுபவர் கூடுதல் விலை கொடுத்தும் கூடுதல் சுமைத்திறன் பெறுவதில்லை.

டயரைக் கொல்வது வெப்பம். ஒவ்வொரு சுழற்சியிலும் டயரின் பக்கச்சுவர் தரையருகே வளைந்து நிமிர்கிறது. வளைக்கச் செலவான ஆற்றலில் ஒரு பகுதி திரும்பாமல் சூடாக மாறி ரப்பருக்குள்ளேயே தங்குகிறது. பாரம் மிகுந்தாலும் காற்று குறைந்தாலும் இந்த வளைவு பெருகும். தடித்த சுவர் அச்சூட்டை எளிதில் வெளியே விடாது. கந்தகத்துடன் சூடாக்கினால் ரப்பர் உறுதிபெறும் என்று 1839ஆம் ஆண்டில் சார்ல்ஸ் குட்இயர் கண்டறிந்தார். அவ்வாறு உருவான பிணைப்புகளே நீடித்த மிகை வெப்பத்தில் அறுந்து, அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. குலசேகரத்திலும் அருமனையிலும் பால் வெட்டி எடுக்கும் இயற்கை ரப்பர் சரக்கு வண்டி டயர்களில் மிகுதியாகச் சேர்க்கப்படுவதற்கு, அது பல செயற்கை வகைகளைவிடக் குறைவாகச் சூடேறுவது ஒரு முக்கியக் காரணம். ரப்பர் விளையும் மாவட்டத்திலேயே இந்த உண்மை டயர் வாங்குவோரின் கணக்கில் வராதது வருத்தத்துக்குரியது. வெயில் காலத்தில் காற்றைக் குறைத்து ஓட்டும் வழக்கமோ மிகை வெப்பத்தின் கேட்டை இரட்டிப்பாக்குகிறது.

கூர்ங்கல் நிறைந்த குவாரிப் பாதையில் தடித்த உடற்கூடு வெட்டுக் காயங்களை நன்கு தாங்கும் என்பது உண்மையே; அங்கு ஓடும் வண்டிக்கு அத்தேர்வு பொருந்தும். தார்ச்சாலையில் மீன் பெட்டி ஏற்றி விரையும் வண்டிக்கு அந்த நியாயம் செல்லாது. டயர் மாறியதால் அச்சும் பட்டைவில்லும் பிரேக்கும் வலுப்பெறுவதில்லை. பதிவுச் சான்றிதழில் உள்ள மொத்த எடை வரம்பும் உயர்வதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவு மிகைபாரத்துக்கு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது.

வாங்குவோர் பார்க்க வேண்டியது பக்கச்சுவரில் உள்ள பாரக் குறியீடு. அதில் 100 என்பது ஒரு டயருக்கு 800 கிலோவையும் 108 என்பது 1,000 கிலோவையும் குறிக்கும். வண்டியோடு வந்த டயரின் எண்ணுக்கு அது குறையலாகாது. அடுத்துப் பார்க்க வேண்டியது தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் காட்டும் நான்கு இலக்கங்கள்: 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். கடையில் நெடுநாள் கிடந்த டயரின் ரப்பர் ஓடாமலேயே முதுமையடைகிறது. காற்றழுத்தத்தை வண்டி புறப்படுமுன், டயர் குளிர்ந்திருக்கையில், அளக்க வேண்டும்.

பட்டன் எனப்படும் மேற்பரப்பு வரிகள் தேய்ந்தபின், நல்ல உடற்கூட்டின்மேல் புதுப் பட்டன் பதிக்கும் ரீட்ரேடிங் முறையால் பல சரக்கு வண்டி டயர்கள் இரண்டாம் முறை ஓடுகின்றன. மிகைபாரத்தில் வெந்து அடுக்கு பிரிந்த டயர், எத்தனை பிளை உடையதாயினும், அந்த வாய்ப்பை இழந்துவிடுகிறது. குறித்த பாரத்தோடும் சரியான காற்றோடும் ஓடிய குறைந்த பிளை டயரோ அதைப் பெறும் தகுதியோடு பட்டறைக்கு வருகிறது.