காலி மனையும் நம் குழந்தைகளும்

தெருக்கோடியில் ஒரு காலி மனை இருந்தால் போதும். கொஞ்ச நாளில் அது குப்பைமேடாகிவிடும். விடியற்காலையில் யாரும் பார்க்காத நேரமாக ஒருவர் ஒரு பையை வீசுவார். "அவங்க போட்டாங்க, நான் போட்டா மட்டும் என்னவாம்?" என்று அடுத்தவரும் வீசுவார். பிறகு ராத்திரியில் வண்டியே வந்துவிடும். இடித்த வீட்டுச் செங்கல், கோழிக்கடைக் கழிவு எல்லாம் அங்கேதான். நம் வீடு பளிச்சென்று இருக்கும். அந்த மனையை ஒட்டிய வீட்டில் கைக்குழந்தை இருமிக்கொண்டிருக்கும்.

இதனால் வரும் கெடுதல்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போமா, சகோதரிகளே?

முதலில் கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம். கொட்டாங்கச்சி, பழைய டயர், தயிர் டப்பா, டீ கப் இவற்றில் தேங்கும் மழைநீரே போதும். முட்டை கொசுவாக மாற 7 முதல் 10 நாள்தான் ஆகும். தண்ணீர் வற்றினாலும் முட்டைகள் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்து அடுத்த மழையில் பொரிக்கும். இந்தக் கொசு பகலில் கடிக்கும். ஆகவே மத்தியானம் தூங்கும் குழந்தைக்கும் வலை கட்டுங்கள். காய்ச்சல் விட்ட பிறகு வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் தெரிந்தால், "ஜுரம்தான் விட்டுடுச்சே" என்று இருந்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். டெங்கு சந்தேகமிருந்தால் ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது.

அடுத்து எலி. அதன் சிறுநீர் கலந்த தண்ணீரில் காலில் புண்ணோடு நடந்தால் எலிக்காய்ச்சல் வரலாம். இறைச்சிக் கழிவைத் தேடித் தெருநாய்கள் கூடும். சோறு வைத்துக் கட்டிய பிளாஸ்டிக் பையைப் பசுமாடு பையோடு விழுங்கும். அது வயிற்றில் அடைத்துக்கொண்டு மாடு செத்துப்போவதும் உண்டு.

"ரொம்பச் சேர்ந்துபோச்சு, கொளுத்திடலாம்" என்பது அதைவிட ஆபத்து. பிளாஸ்டிக் எரியும் புகையில் டயாக்ஸின் போன்ற நஞ்சுகள் இருக்கின்றன. கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ள பிள்ளைகளும் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்க வேண்டியிருக்கிறது.

நாம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று சலித்துக்கொள்ளாதீர்கள். 2024 டிசம்பரில் திருநெல்வேலி அருகே நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கேரளத்து மருத்துவக் கழிவுகள் மூட்டை மூட்டையாகக் கொட்டிக் கிடந்தன. ஊர்மக்கள் சும்மா இருக்கவில்லை. விஷயம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று. கேரள அரசே அகற்ற வேண்டும் என்று உத்தரவாகி, அந்த மாதமே லாரிகள் வந்து அள்ளிக்கொண்டு போயின.

நாம் செய்யக்கூடியவை இவை:

வீட்டிலேயே பிரித்து வையுங்கள். மட்கும் குப்பை, மட்காத குப்பை, ஆபத்தான குப்பை என்று பிரிக்கும்படி 2016-ஆம் ஆண்டு விதிகளே சொல்லிவிட்டன. காய்கறித் தோலை மண்தொட்டியில் போட்டு உரமாக்கலாம்.

சானிட்டரி நாப்கின், குழந்தையின் டயாபர் இவற்றைக் காகிதத்தில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். இன்சுலின் ஊசியைக் கெட்டியான டப்பாவில் போட்டு மூடி, இன்னதென்று சொல்லிக் கொடுங்கள். குப்பை அள்ளும் அம்மாவின் கையும் நம் கை மாதிரிதானே!

வாரம் ஒருமுறை வீட்டைச் சுற்றித் தேங்கிய நீரைக் கொட்டி, தொட்டி, வாளிகளின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுங்கள்.

ராத்திரி வண்டி வந்தால் தனியாகப் போய்ச் சண்டை போடாதீர்கள். வண்டி எண், தேதி, நேரம் குறித்துக்கொண்டு, பத்து வீட்டுப் பெண்கள் கையெழுத்திட்டு நகராட்சியிலோ ஊராட்சியிலோ மனுக் கொடுங்கள். மனை உரிமையாளரிடம் வேலி போடச் சொல்லுங்கள். கிராமமானால் ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கூடும் கிராமசபையில் எழுந்து பேசுங்கள். மனுவின் நகலில் முத்திரை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். இரண்டாம் முறை போகும்போது அதுதான் கைகொடுக்கும்.