மீற்றர் கண்ணாடிக்குள்ளே மூடுபனி

நுவரெலியா கிரகரி வாவியில் மோட்டார் படகு ஏறுகிறவர்கள் லைஃப் ஜாக்கெட்டைப் பார்ப்பார்கள், காசைப் பார்ப்பார்கள். பெற்றோல் மீற்றரை யார் பார்க்கிறார்? கண்ணாடியின் உட்புறம் ஈரம் படிந்துவிட்டால் முள் எங்கே நிற்கிறது என்றே தெரியாது. கேட்டால், "இந்தக் குளிருக்கு அப்பிடித்தான்." இந்தப் பதில் எனக்குப் போதாது.

தண்ணி தெறிச்சு உள்ளே போயிருக்கும் என்றுதான் முதலில் நினைப்போம். பல நேரம் உள்ளே போவது வெறும் காற்று. பகல் வெயிலில் மீற்றர் சூடாகும்போது உள்ளே இருக்கிற காற்று விரிந்து கொஞ்சம் வெளியேறும். ராத்திரி குளிரும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். கிட்டத்தட்ட 1,868 மீற்றர் உயரத்தில், தண்ணிக்கு மேலே நிற்கிற காற்று எவ்வளவு ஈரம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிகிறது. மோட்டார் சைக்கிள் மீற்றரிலும் இதே கதைதான். பழைய பல்ப் தன் சூட்டாலேயே அதைக் கொஞ்சம் உலர்த்தும். எல்.ஈ.டி. போட்ட பிறகு அந்தச் சூடும் போச்சு.

இதற்கு நம்மாட்கள் செய்கிற வைத்தியம், சுற்றிவர சிலிக்கன் பூசுவது. எனக்கு இதில் சுத்தமாக உடன்பாடில்லை. ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுகிற வேலை அது. சில மீற்றர்களில் காற்று போய்வர பின்பக்கம் சின்னத் துளை இருக்கும். அதையும் சேர்த்து அடைத்துவிட்டால் முடிந்தது.

தேயிலைத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் வளர்ந்த நமக்கு இது புதுசா? தூளை ஏறக்குறைய 3 சதவீத ஈரத்துக்கு உலர்த்தின பிறகுதானே பொதி கட்டுகிறார்கள்! மீற்றருக்கும் முதலில் உலர்த்தல், பிறகுதான் மூடல். பற்றரி இணைப்பைக் கழற்றி, மீற்றரை வெளியே எடுத்து, சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இறுக்கமான டப்பாவில் ஓரிரு நாள் வையுங்கள். அடுப்புக்கு மேலே வேண்டாம், பிளாஸ்டிக் வளைந்துபோகும். வெடித்த ரப்பர் வளையத்தை மாற்றுங்கள். துளை இருந்தால் அது கீழே பார்க்கிற மாதிரி பூட்டுங்கள். முள்ளே துருப்பிடித்திருந்தால் காசைப் பார்க்காமல் புதுசு வாங்குங்கள்.

ஏப்ரல் வசந்தகாலச் சனம் வருவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. நடு வாவியில் பெற்றோல் முடிந்து, மூடுபனியும் இறங்கினால், படகில் இருக்கிற பிள்ளைகளுக்குப் பதில் சொல்ல சொந்தக்காரர் அங்கே இருக்க மாட்டார். ஓட்டுகிற பையன்தான் இருப்பான். முள் தெரியாத படகை எடுக்க மாட்டேன் என்று அவன் சொன்னால் அன்றைய சம்பளத்தை வெட்டக்கூடாது. ஏறுகிற நாமும் சும்மா இருக்காமல், "அண்ணே, மீற்றரை ஒருக்கா காட்டுங்க" என்று கேட்போம்.