பெனின் குளவியும் பாயிண்ட் தராசும்: புதிய தொழில்நுட்பம் குறித்து ஒரு மரவள்ளி வட்டாரத்தின் நிலைப்பாடு

2022 மார்ச் 7. சின்னசேலத்திலிருந்து ஆத்தூரைத் தாண்டிச் சேலம் போகும் வழியில் உள்ள ஏத்தாப்பூர். அங்கே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அன்று திறந்துவிடப்பட்ட குளவிகளில் ஒன்றுகூட ஒன்றரை மில்லிமீட்டர் நீளம் இல்லை. பெயர் அனாகைரஸ் லோபெசி. மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் இயங்கும் பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனத்திடமிருந்து பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் அதை வரவழைத்தது. தனிமைப்படுத்தும் காப்பறையில் வைத்துச் சோதித்த பிறகே வயலுக்கு விட்டது.

அதன் வேலை ஒன்றுதான். மரவள்ளி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு அந்தப் பூச்சியை உள்ளிருந்தே தின்று வளரும். கடைசியில் காய்ந்த கூடு மட்டும் மிஞ்சும். அந்த மாவுப்பூச்சி 2020 ஏப்ரலில் திருச்சூர் பக்கம் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டு, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வந்து தமிழ்நாட்டுக் குச்சிக்கிழங்குக் கொல்லைகளின் கொழுந்தைச் சுருட்டியது. அடுத்த பருவத்துக்கு நடக் குச்சி தேறுமா என்று உழவர்கள் கவலைப்பட்ட காலம் அது.

சின்னசேலம் வட்டாரத்தில் மரவள்ளியும் மக்காச்சோளமும் பயிரிடுவோரின் இந்த அமைப்பு, புதிய தொழில்நுட்பத்தை எப்படி ஏற்பது, எதை மறுப்பது என்ற கேள்விக்குத் தன் பதிலைப் பொதுவில் வைக்க இந்தக் குளவியிடமிருந்து தொடங்குகிறது. காரணம் உண்டு. இப்போது உழவரிடம் வரும் புதுமை பெரும்பாலும் ஒரு செயலியாகவோ, சந்தா கட்டும் சேவையாகவோ, மூடிய பெட்டியாகவோ வருகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் நிறுவனத்தின் ரகசியம் என்பார்கள். இந்தப் பகுதியின் மரவள்ளியைக் காப்பாற்ற வந்த புதுமையோ அப்படி வரவில்லை.

குளவியின் கதை நீளமானது. மாவுப்பூச்சி தென் அமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்தது 1970களின் தொடக்கத்தில். மரவள்ளியையே அன்றாட உணவாக நம்பியிருந்த நாடுகளில் விளைச்சல் சரிந்தது. பூச்சியின் பூர்விகத்தில் அதன் எதிரியும் இருக்க வேண்டும் என்று தேடிப்போனவர்கள், 1981-இல் பராகுவேயில் இந்தக் குளவியைக் கண்டார்கள். குளவியை ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோன திட்டத்தை வழிநடத்திய சுவிட்சர்லாந்துக்காரர் ஹான்ஸ் ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. 2009-இல் அதே குளவி பெனினிலிருந்து தாய்லாந்துக்குப் போனது, பிறகு இங்கே வந்தது. ஒரு கண்டத்தில் வளர்த்த அறிவை இன்னொரு கண்டம் கேட்டதும் கொடுத்தார்கள்.

இது முதல் முறையும் இல்லை. 2008-இல் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டு, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எதையும் விடாமல் பரவியது. 2010-இல் அமெரிக்க வேளாண் துறையின் உதவியுடன் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகள் வந்தன. அவற்றில் அசெரோபேகஸ் பப்பாயே என்பது இங்கே நன்றாகக் காலூன்றியது. விலை கொடுத்து மருந்தடித்துச் சலித்தவர்களுக்கு அதுவும் இலவசமாகவே கிடைத்தது.

ஆனால் பெனினில் குளவி இருந்தால் மட்டும் போதாது. அதைக் கேட்டு வாங்கச் சட்ட அனுமதியும் காப்பறையும் உள்ள ஒரு பெங்களூரு நிறுவனம் வேண்டும். வயலுக்குக் கொண்டுவர ஓர் ஏத்தாப்பூர் வேண்டும். கொல்லையில் குளவி தங்கும்வரை மருந்துத் தெளிப்பானைக் கீழே வைக்கச் சம்மதிக்கும் உழவர்கள் வேண்டும். இந்தக் கடைசிக் கண்ணியில்தான் அமைப்புகளுக்கு வேலை. ஒருவர் தன் கொல்லையில் குளவியை விட்டிருக்க, வரப்புக்கு அந்தப் பக்கம் பக்கத்துக் கொல்லைக்காரர் மருந்தடித்தால் குளவி செத்துப்போகும். தனி உழவரால் முடியாததைக் கூட்டாகச் செய்வதற்காகவே அமைப்பு இருக்கிறது. புதிய தொழில்நுட்பத்துக்கு ஓர் அமைப்பு தன்னைத் தயார்செய்வது என்றால் கணினி வாங்குவது என்று நினைப்பவர்கள் இதைச் சற்று யோசிக்கலாம்.

மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் சேகோ தொழிலே திறந்த அறிவில் பிறந்ததுதான். இரண்டாம் உலகப் போரில் வெளிநாடுகளிலிருந்து வந்துகொண்டிருந்த மாவும் ஜவ்வரிசியும் நின்றுபோனபோது, சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியாரும், பினாங்கில் இந்தத் தொழிலைப் பார்த்துவந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து 1940களில் சேலத்தில் அதைத் தொடங்கினார்கள். செய்முறை ஒரு குடும்பத்தின் பெட்டிக்குள் பூட்டிக்கிடக்கவில்லை. பட்டறைக்காரர்கள் இயந்திரங்களைத் திருத்தித் திருத்தி மேம்படுத்த, ஊருக்கு ஊர் ஆலை வந்தது. பின்னாளில் சிறு ஆலைகள் சரக்கை வைக்க இடமின்றித் தரகர் சொன்ன விலைக்கு விற்று நொந்தபோது, 1981-இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கிடங்கு, தரச் சோதனை, டெண்டர் விற்பனை என்று ஆலைக்காரர்கள் தங்களுக்கான ஏற்பாட்டைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள்.

கிழங்கு விளைவிக்கிறவர்களுக்கு அப்படியொன்று இன்னும் அமையவில்லை. பாயிண்ட் கணக்கைப் பார்த்தாலே இது புரியும்.

மரவள்ளிக்கு விலை எடையால் மட்டும் முடிவாவதில்லை. கிழங்கில் மாவுச்சத்து எவ்வளவு என்பதைப் பாயிண்டாக அளந்து, ஒரு பாயிண்டுக்கு இவ்வளவு என்று டன் விலையைப் போடுகிறார்கள். லோடு ஏற்றி அனுப்பிய வீட்டில் முதல் கேள்வி, “பாயிண்ட் எத்தனை வந்துச்சு?” என்பதே. ஒரு பாயிண்ட் 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 28 பாயிண்ட் என்றால் டன் 8,400 ரூபாய். 26 என்று எழுதினால் 7,800. பத்து டன் லோடில் அந்த இரண்டு பாயிண்டுக்கு 6,000 ரூபாய் போய்விடும். அறுவடைக் கூலியும் வண்டி வாடகையும் பாயிண்டைப் பார்த்துக் குறையப்போவதில்லை.

அளவு எடுக்கும் இடம் ஆலை. எடுப்பவர் ஆலைக்காரர். உழவர் பெரும்பாலும் அந்த இடத்திலேயே இருப்பதில்லை. எந்த ஆலையையும் குற்றம் சொல்ல இவ்வமைப்பு இதை எழுதவில்லை. நேர்மையாக அளக்கும் ஆலைக்கும் இந்த ஏற்பாடு சந்தேகத்தைத்தான் சம்பாதித்துக் கொடுக்கிறது.

இத்தனைக்கும் அந்த அளவீடு ரகசிய விஞ்ஞானம் கிடையாது. குறிப்பிட்ட எடைக் கிழங்கைக் காற்றில் ஒருமுறை, நீருக்குள் ஒருமுறை நிறுத்தால் அதன் அடர்த்தி தெரியும். அடர்த்தியிலிருந்து மாவுச்சத்தைக் கணக்கிடலாம். தாய்லாந்தில் 5 கிலோ மாதிரியை வைத்து வெளிப்படையாக இதைச் செய்யும் தராசுகள் பல பத்தாண்டுகளாகப் புழங்குகின்றன. தராசு, தண்ணீர்த் தொட்டி, கம்பிக் கூடை, கணக்கு அட்டவணை, இவ்வளவுதான் தேவை. இன்று கைக்கு அடக்கமான ஒளிக்கற்றைக் கருவிகளால் கிழங்கை நறுக்கிய உடன் மாவுச்சத்தைச் சொல்ல முடியும் என்கிறார்கள். அப்படிப்பட்ட கருவி வந்தால் இவ்வமைப்பு எதிர்க்காது. ஆனால் அது எந்தக் கிழங்கை வைத்துச் சரிபார்க்கப்பட்டது, பிழை எவ்வளவு, திருத்தம் செய்யும் உரிமை யாருக்கு என்ற மூன்றும் எழுத்தில் இல்லாமல், அது காட்டும் எண்ணை விலைக்கு அடிப்படையாக ஏற்காது. புரியாத தராசை எடுத்துவிட்டு அதைவிடப் புரியாத தராசைக் கொண்டுவந்து வைப்பதில் உழவருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

எனவே முதல் கோரிக்கை: கிழங்கு ஏறும் ஊரிலேயே, உழவர் முன்னிலையில், பொது மாதிரி எடுத்து நீர்முறையில் பாயிண்ட் பார்க்கும் நிலையங்கள் வேண்டும். மின்னணு எடைமேடைக்குச் சட்டமுறை எடையளவுத் துறையின் முத்திரை இருப்பதுபோல் பாயிண்ட் அளவுக்கும் முத்திரை வேண்டும். எடையைப் போலவே இதிலும் பணம் கைமாறுகிறது.

செயலிகள் விஷயத்தில் இவ்வமைப்பு கதவை மூடவில்லை. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகமும் உலக உணவு வேளாண்மை நிறுவனமும் ஆப்பிரிக்க ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து உருவாக்கிய ‘நூரு’ என்ற இலவசச் செயலி, இலையைப் படம் பிடித்தால் மரவள்ளித் தேமல் நோயைக் கண்டுசொல்கிறது. மக்காச்சோளத்தில் படைப்புழுத் தாக்குதலையும் காட்டுகிறது. இணையம் இல்லாமலும் வேலை செய்வது அதன் பெரிய சிறப்பு. அருகிலுள்ள கல்வராயன் மலையில் சிக்னல் தேடிப் பாறை மேல் ஏறி நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஆனால் அந்தச் செயலிக்கு மரவள்ளி நோயைக் கற்றுக்கொடுத்தவை ஆப்பிரிக்கக் கொல்லைகளில் எடுத்த படங்கள். இங்கே தேமலைக் கொண்டுவருபவை இந்திய மரவள்ளித் தேமல் வைரஸும் இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸும். நடப்படும் ரகங்களும் வேறு. நம் கொல்லையின் இலையை அது சரியாகப் படிக்க வேண்டுமானால் நம் கொல்லையின் படங்கள் வேண்டும். அவற்றை உறுப்பினர்கள் எடுத்துத் தருவதற்கு இவ்வமைப்பு ஆதரவு தருகிறது. நிபந்தனை, அந்தப் படத் தொகுப்பு ஏத்தாப்பூர் நிலையமும் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்கும் மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனமும் பார்க்கக்கூடிய பொதுச் சொத்தாக இருக்க வேண்டும். நிலத்தின் சர்வே எண்ணும் உழவரின் கைப்பேசி எண்ணும் படத்தோடு ஒட்டிப் போகக்கூடாது. இலவசமாகப் பெற்றவர்கள் தங்களிடம் இருப்பதையும் கொடுக்க வேண்டும் என்பதில் இவ்வமைப்புக்குத் தயக்கமே இல்லை.

திறந்த கதவு வழியாக நோயும் வரும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மாவுப்பூச்சியும் தேமலும் ஊர்விட்டு ஊர், நாடுவிட்டு நாடு போவது பெரும்பாலும் நடுகைக் குச்சியோடுதான். இலங்கை வைரஸ் 2015-இல் கம்போடியாவில் தென்பட்டு, சில ஆண்டுகளிலேயே வியட்நாமிலும் தாய்லாந்திலும் பரவியது. மாமன் மச்சான் உறவில் கட்டுக் கட்டாகக் குச்சி கொடுத்து வாங்கும் வழக்கம் இந்த வட்டாரத்தின் பலம், அதே நேரத்தில் பலவீனமும். அறிவைப் பகிர்வதற்கு எந்தத் தடையும் கூடாது, உயிருள்ள நடுகைப் பொருளைப் பகிர்வதற்குச் சோதனை வேண்டும் என்று இவ்வமைப்பு பிரித்துப் பார்க்கிறது. நோயற்ற தாய்ச்செடிகளிலிருந்து குச்சி எடுக்கும் நாற்றங்கால்களை ஊர் அளவில் நடத்த இது தயார். அதற்கான தாய்ச்செடியையும் சோதனை வசதியையும் அரசு தர வேண்டும்.

இந்தச் சோதனையைச் சாக்காக வைத்துக் குச்சி கொடுக்கும் உரிமையையே பறிக்க யாரேனும் வந்தால், அதற்கும் பதில் உண்டு. 2001-ஆம் ஆண்டுப் பயிர் ரகங்கள் பாதுகாப்பு, உழவர் உரிமைகள் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, தன் விளைச்சலின் விதையைச் சேமிக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, பகிர, விற்க உழவருக்கு உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தை முத்திரைப் பெயரிட்டு விற்கக் கூடாது என்பது மட்டுமே அதற்கு வரம்பு. 2019-இல் உருளைக்கிழங்கு ரகம் ஒன்றுக்காக பெப்சிகோ நிறுவனம் குஜராத் உழவர்கள் மீது வழக்குப் போட்டு, எதிர்ப்புக்குப் பின் அதைத் திரும்பப் பெற்றதை நாடே பார்த்தது. புதிய ரகம் எதுவானாலும் இந்தப் பிரிவுக்கு முரணான ஒப்பந்தத்தில் இவ்வமைப்பு கையெழுத்திடாது.

கல்வராயன் மலைவாழ் மக்களிடம் வரும்போது திறந்த அறிவு என்ற சொல்லைக் கொஞ்சம் கவனமாகவே கையாள வேண்டும். தேன், நெல்லி, கடுக்காய், மூலிகை, சிறுதானிய ரகங்கள் பற்றி அவர்கள் அறிந்தது அதிகம். வெளியிலிருந்து வருபவர் அதைத் திறந்த அறிவு என்று எடுத்துப்போய்த் தன் பெயரில் பூட்டிக்கொள்வதுதான் நடைமுறையில் அதிகம் நடந்திருக்கிறது. கேரளத்தின் காணி மக்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சைச் செடியிலிருந்து ‘ஜீவனி’ மருந்து உருவானபோது, திருவனந்தபுரம் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா நிறுவனம் 10 லட்சம் ரூபாய் உரிமக் கட்டணமும் விற்பனையில் 2 விழுக்காடும் பெற்று, அதில் பாதியைக் காணிகளுக்கு என்று ஒதுக்கியது. குறைகள் பல சொல்லப்பட்ட ஏற்பாடுதான். என்றாலும் பங்கு என்ற ஒன்றை எழுதி வைத்தார்கள். மலை மக்களின் கிராம சபை ஒப்புதலும் எழுதிய பங்கும் இல்லாத எந்த ஆய்வுக்கும் இவ்வமைப்பு துணை நிற்காது.

ட்ரோன் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். 2023-இல் ஒன்றிய அரசு அறிவித்த திட்டம், 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு ட்ரோன் விலையில் 80 விழுக்காடு, அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய், மானியம் என்று வகுத்தது. மக்காச்சோளம் ஆள் உயரம் வளர்ந்தபின் உள்ளே புகுந்து மருந்தடிக்கும் வேதனைக்கு ட்ரோன் மாற்று. அங்கே இவ்வமைப்பு வரவேற்கிறது. குளவி விட்ட மரவள்ளிக் கொல்லையிலோ, அதன் காற்று வீசும் திசையிலோ பூச்சிமருந்து தெளிக்கும் ட்ரோன் பறக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறது. சலுகை விலையில் கிடைக்கிறது என்பதற்காக, செலவே இல்லாமல் வேலை செய்யும் குளவியைக் கொல்ல முடியாது.

வரும் பருவத்தில் இவ்வமைப்பு தன் பொறுப்பில் செய்யப்போவது இது. வலைக்கூண்டும் தொட்டிச் செடிகளும் வைத்துக் குளவி வளர்க்க, ஊருக்கு இரண்டு பேரையாவது, முடிந்தவரை பெண்களையும் படித்துவிட்டு ஊரில் இருக்கும் இளைஞர்களையும், ஏத்தாப்பூரில் பயிற்சிக்கு அனுப்பும். நீர்முறைத் தராசு ஒன்றைத் தன் செலவில் வாங்கி, உறுப்பினர் அனுப்பும் லோடுகளில் தானும் மாதிரி எடுக்கும். ஆலை எழுதிய பாயிண்டையும் தன் பாயிண்டையும் அருகருகே எழுதி, ஆலைப் பெயரும் உழவர் பெயரும் இல்லாமல், ஒவ்வொரு மாதமும் தன் அலுவலகப் பலகையில் ஒட்டும். இரண்டு எண்களும் ஒத்துப்போனால் அதையும் அப்படியே ஒட்டும். ஆலை உரிமையாளர்கள் தங்கள் ஆளை அனுப்பி மாதிரி எடுப்பதை நேரில் பார்க்கலாம். அவர்கள் தராசையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து நிறுத்துப் பார்க்கலாம்.