மைக்கை ஆஃப் பண்ணச் சொன்னா ஆன் பண்ணுதே!

திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம் என்று வைத்துக்கொள்வோம். முகூர்த்தம் யூடியூபில் லைவாகப் போகிறது. சரக்குக் கப்பலில் வேலை பார்க்கும் பெண்ணின் அண்ணன், எங்கோ ஒரு துறைமுகத்தில் நின்றபடி செல்போனில் பார்த்துக்கொண்டிருக்கிறார். மேடை ஓரத்தில் பெரியவர்கள் சீர் கணக்கைப் பேச ஆரம்பிக்கிறார்கள். குரல் உயர்கிறது. லைவைக் கவனிக்கும் தம்பி பதறிப்போய், லேப்டாப்பில் இருக்கும் ஏஐ உதவியாளரிடம், "மேடை மைக்கை ஆஃப் பண்ணு" என்கிறார். மைக் ஏற்கெனவே ஆஃபில்தான் இருந்தது. ஏஐ அதை ஆன் செய்துவிட்டது!

இப்போது அண்ணன் மட்டுமல்ல, ஊரே கேட்கிறது.

ஏஐக்குப் புத்தி இல்லையா? அப்படியில்லை. அதன் கையில் கொடுத்த குறிப்பு சரியில்லை.

கல்யாண லைவ் போடுகிறவர் முதல் காசிமேடு மீன் ஏலத்தைக் காட்டுகிறவர் வரை பலரும் பயன்படுத்துவது ஓபிஎஸ் ஸ்டூடியோ. 2012-ல் வந்த இலவச மென்பொருள். 2022-ல் வந்த 28-ம் பதிப்பிலிருந்து, வேறொரு புரோகிராம் வெளியிலிருந்து அதை இயக்குவதற்கான வழியும் அதனுடனேயே வருகிறது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் எம்சிபி என்ற பொது முறையை வெளியிட்டது. ஏஐ இப்படிப்பட்ட மென்பொருள்களைக் கையாள்வதற்கான முறை அது. அதில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு 'டூல்' உண்டு. டூலுக்கு ஒரு பெயர், சில வரி விளக்கம், என்னென்ன விவரம் தர வேண்டும் என்ற பட்டியல். அவ்வளவுதான். ஏஐ எந்த டூலை எடுப்பது என்று முடிவு செய்வது அந்தச் சில வரிகளை நம்பித்தான்.

எங்கே சறுக்குகிறது?

முதல் இடம், டாகிள். ஓபிஎஸ்-ல் மைக்குக்கு இரண்டு கட்டளைகள் உண்டு. ஒன்று 'டாகிள்': இருப்பதை அப்படியே மாற்றிப்போடும். இன்னொன்று 'செட்': சொன்ன நிலையில் வைக்கும். டாகிள் டூலுக்கு 'மைக்கை ஆஃப் செய்யும்' என்று எழுதிவைத்தால், மேலே பார்த்த கூத்துதான். நெட் இழுத்து, பதில் வராமல் ஏஐ இரண்டு முறை அழுத்தினால், மைக் பழைய நிலைக்கே திரும்பிவிடும். 'செட்' கட்டளையைப் பத்து முறை அழுத்தினாலும் ஆஃப், ஆஃப்தான்.

இரண்டாவது, அளவு. ஒலியை '5' என்று வைக்கச் சொன்னால், எதில் 5? ஓபிஎஸ் ஒலி அளவை மடங்காகவும் வாங்கும், டெசிபலாகவும் வாங்கும். 5 டெசிபல் என்றால் சிக்னல் சுமார் 1.8 மடங்கு. 5 மடங்கு என்றால் அது சுமார் 14 டெசிபல்! நாதஸ்வரம் ஹெட்போன் போட்டவர் காதைக் கிழித்துவிடும்.

மூன்றாவது, பிரிவியூவும் புரோகிராமும். ஸ்டூடியோ மோடில் ஒன்று ஆபரேட்டர் மட்டும் பார்ப்பது, மற்றது ஊர் பார்ப்பது. 'காட்சியை மாற்றும்' என்று மட்டும் எழுதினால் எந்தக் காட்சி என்று ஏஐக்கு எப்படித் தெரியும்?

கடலோரத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. எண்ணூர் துறைமுகம் இயங்கத் தொடங்கிய அதே 2001-ல், சர்வதேசக் கடல்சார் அமைப்பு கப்பல்களுக்கான பேச்சு வழிமுறை ஒன்றை ஏற்றுக்கொண்டது. வெவ்வேறு தாய்மொழிக்காரர்கள் வயர்லெஸ்ஸில் பேசும்போது குழப்பம் வரக்கூடாது என்பதற்காக. சொல்வது கேள்வியா, உத்தரவா, தகவலா, எச்சரிக்கையா என்று முதலில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விஷயத்துக்கு வர அது வழி தருகிறது. 'முடியும்', 'கூடும்' போன்ற இரண்டு அர்த்தம் தரும் சொற்களைத் தவிர்க்கச் சொல்கிறது. எதிரில் இருப்பவர் முகம் தெரியாதபோது, வார்த்தைதான் கண்.

டூல் விளக்கத்துக்கும் அதே கதைதான். 'மைக்கைக் கட்டுப்படுத்தும்' என்பது மோசமான விளக்கம். நல்லது இப்படி இருக்கும்:

"சொன்ன மைக்கை மியூட் செய்யும். ஏற்கெனவே மியூட்டில் இருந்தால் எதையும் மாற்றாது. மைக்கின் பெயர் ஓபிஎஸ்-ல் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். பெயர் தெரியாவிட்டால் முதலில் பட்டியலை வாங்கிப் பார். லைவை நிறுத்த இதைப் பயன்படுத்தாதே."

என்ன செய்யும், எப்போது எடுக்க வேண்டும், எப்போது எடுக்கக் கூடாது, எந்த அளவில் தர வேண்டும். நாலும் வந்துவிட்டது.

ஒரு எச்சரிக்கை. விளக்கம் என்பது வழிகாட்டிப் பலகை, பூட்டு அல்ல. 'கேட்காமல் நிறுத்தாதே' என்று எழுதிவைத்தாலும் ஏஐ தவறலாம். லைவை நிறுத்துவது சாதாரண விஷயமில்லை. யூடியூபில் ஆட்டோ ஸ்டாப் போட்டிருந்தால் நிகழ்ச்சியே முடிந்துவிடும். தாலி கட்டும் நேரம் திரும்ப வராது. அதனால் அந்தக் கட்டளைக்கு முன் மனிதர் ஒருவர் 'சரி' என்று அழுத்தும்படி புரோகிராமிலேயே வைத்துவிடுவது நல்லது. அந்த டூலைக் கொடுக்காமலே விடுவது இன்னும் நல்லது.

எழுதி முடித்ததும், ஓபிஎஸ் தெரியாத ஒருவரிடம் விளக்கத்தை மட்டும் படிக்கக் கொடுங்கள். "இதை அழுத்தினால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். அவர் யோசிக்க ஆரம்பித்தால், இன்னொரு வரி எழுத வேண்டியிருக்கிறது. பிறகு பிரைவேட் லைவ் ஒன்று போட்டு, மைக்கை ஆஃபில் வைத்துவிட்டு, "மைக்கை ஆஃப் பண்ணு" என்று ஏஐயிடம் சொல்லிப் பாருங்கள். ஆஃபிலேயே இருந்தால், மண்டபத்துக்குக் கிளம்பலாம்.