கூட்டுக்கு முன்னாடி கேமரா

போன ஆடியில் பரத்பூர் போயிருந்தேன். ரிக்‌ஷாவை விட்டு இறங்கினால், நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் புல்புல் கூட்டை மறைத்த கிளையை வளைத்துக் கட்டிக்கொண்டிருக்கிறார். "எடுத்துட்டு அவுத்துடுவேன் சார்."

அதுக்குள்ள காக்கா பார்த்துடாதா? வெயில்தான் முட்டையை விட்டுவைக்குமா?

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்றால் என்ன என்று படித்துப் பாருங்கள். பறவையின் கூட்டைத் தொந்தரவு செய்வதும் வேட்டைதான், துப்பாக்கியே வேண்டாம்!

செல்போனில் குருவிச் சத்தம் போட்டு வரவழைக்கிற கோஷ்டி தனி. தன் எல்லைக்குள் எவனோ நுழைந்துவிட்டான் என்று அது இரையை விட்டுவிட்டு ஓடிவரும். இவர்களுக்கு அது 'ஆக்‌ஷன் ஷாட்'. லென்ஸ் வாங்க பர்சனல் லோன் கேட்டு என்னிடமும் வருவார்கள். கையெழுத்தும் போட்டிருக்கிறேன், ஹூம்.

கூட்டுப் படத்துக்கு 'சூப்பர்' போடுவதையாவது நாம நிறுத்தலாமே?

அவரிடம் கயிற்றை அவிழ்க்கச் சொன்னேன். "நீங்க ஃபாரஸ்ட்டா?" என்றார்.